பதினோராவது பெயர்

மழை பிடித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஜாலான் புசார் அரங்கில் கோலுக்குப் பின்னால் இருந்த கேலரிக்குக் கூரை கிடையாது. செய்தித்தாளைத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். பலகை இருக்கைகளிலிருந்து ஈர மரத்தின் வாசனை வந்தது. பக்கத்தில் யாரோ முழங்காலில் தேய்த்துக்கொண்டு வந்த மருந்து எண்ணெயின் நெடி.

அரையிறுதி ஆட்டம். ஆளுக்கொரு கோல். இன்னும் சில நிமிடங்கள்தான் பாக்கி.

எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்தான். பலமான உதை இல்லை. தரையோடு உருண்டு வந்தது பந்து. எங்கள் கோல்கீப்பர் ஒரு முழங்காலை மடித்துக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக் காத்திருந்தார். அவர் எத்தனையோ தடவை பிடித்த மாதிரிப் பந்து. எங்களில் பாதிப் பேர் அதற்குள் மைதானத்தின் மறுகோடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.

பந்து அவர் கைக்குள் வந்தது. பிறகு கைக்குள் இல்லை. கால்களுக்கு நடுவே நழுவி, சேற்றில் மெதுவாக உருண்டு, கோட்டைத் தாண்டி, வலையைக்கூடத் தொடாமல் நின்றது.

கேலரி வாயடைத்துப் போனது. அந்த அமைதியில் ஒருவன் மட்டும் கத்தினான்.

“ஓட்டைக்கை!”

கத்தியவன் நான்.

தள்ளிப்போட்ட அத்தியாயம்

இந்தத் தொடரில் துறைமுக வேலையைப் பற்றி எழுதிவிட்டேன். கெர்பாவ் ரோட்டு மாடி வீட்டைப் பற்றி எழுதினேன். என் கல்யாணத்தன்று மின்சாரம் போன கதையைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து அரை மணி நேரம் சிரித்தார். கால்பந்து பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். “வரும், வரும்” என்று சொல்லிச் சமாளித்தேன்.

கால்பந்தை எழுதினால் இதை எழுத வேண்டும். அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

எங்கள் குழுவின் பெயர் கப்போர் ரோவர்ஸ். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் லிட்டில் இந்தியாவிலேயே யாருக்கும் தெரியாது. குழு கலைந்து பல காலம் ஆகிவிட்டது. அலுவலகம் இருந்த கடைவீட்டில் இப்போது முதுகில் பையோடு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்குகிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் சனிக்கிழமை என்றால் எங்களுக்கு ரோவர்ஸ்தான்.

அரக்குச் சிவப்புச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சம்பளம் வாங்கி விளையாடியவர்கள் இல்லை. எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. எங்கள் வலது விங்கர் வாரநாட்களில் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிறவர். அவர் எங்கள் வீட்டுக்கு வருகிற மாதத்தில், வருகிற நாள் தெரியாததால், அம்மா தினமும் மீட்டர் பெட்டியைத் துடைத்து வைப்பாள். வந்தவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, “கொஞ்சம் லைட்ட அணைச்சு வைங்கம்மா, ரொம்ப ஓடியிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதையே அக்கம்பக்கத்தில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோல்கீப்பர் பஸ் கண்டக்டர். நெட்டையான, ஒல்லியான மனிதர். கை மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. சில்லறையை அந்தக் கையிலிருந்து எடுக்கும்போது விரல் நுனி தொலைவில் இருப்பது போலத் தோன்றும்.

மற்றவர்களெல்லாம் கோல் போடுகிறவர்களைத் தேடிப் போவார்கள். எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

பாட்டுத்தாளில் ஒரு கையெழுத்து

ஃபேரர் பார்க் மைதானத்தில் பயிற்சி நடக்கும். வேலை முடிந்து நான் நேராக அங்கே போய்விடுவேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஒரு நாள் பயிற்சி முடிந்து அவர் தனியாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையெழுத்துக் கேட்க வேண்டும் என்று ஆசை. என்னிடம் நோட்டு இல்லை. சட்டைப் பையில் எங்கள் கோவிலின் பாட்டுத்தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. அதை நீட்டினேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “இதுல மாதா படம் இருக்கேப்பா. இதுல எழுதலாமா?”

“பின்னாடி எழுதுங்கண்ணே. பரவாயில்ல.”

மற்ற ஆட்டக்காரர்கள் ஆங்கிலத்தில் கிறுக்குவார்கள். இவர் தாளை முழங்காலில் வைத்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கோ. சிவலிங்கம். ‘லி’யின் கொக்கியை நன்றாகச் சுழித்திருந்தார்.

“உன் பேரு என்ன தம்பி?”

“அந்தோணி.”

“சனிக்கிழமை வருவியா?”

“வராம இருப்பேனா?”

சிரித்தார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்தத் தாளை ரொம்ப நாள் வைத்திருந்தேன். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

அந்த மனிதரைத்தான் அரையிறுதியன்று அப்படிக் கத்தினேன்.

கேலரி என் பின்னால் வந்தது

ஏன் கத்தினேன் என்று பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். கோபம்தான் முதலில். எனக்குப் பிடித்தவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்ற கோபம். வேறு யாராவது விட்டிருந்தால் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் அதற்கடுத்து நடந்ததற்குக் கோபத்தைக் காரணம் சொல்ல முடியாது.

நான் கத்தியதும் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் அதையே திரும்பக் கத்தினார். நான் மறுபடி கத்தி, கையை இரண்டு தட்டுத் தட்டினேன். ஓட்டைக்கை, தட்டு, தட்டு. ஓட்டைக்கை, தட்டு, தட்டு. ஒரு நிமிடத்துக்குள் கோலுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் தட்டினார்கள்.

நடுவரைத் திட்டுவது எங்கள் கேலரிக்குப் புதிதில்லை. “ரெஃப்ரி காயூ!” என்று எல்லோரும் சேர்ந்து கத்துவோம். காயூ என்றால் மலாயில் கட்டை; ஒன்றுக்கும் உதவாதவன் என்று அர்த்தம். அது எப்போதிலிருந்தோ இருந்துவந்த கத்தல். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. இது என்னுடையது. என் வாயிலிருந்து வந்த சொல்லை நூற்றுக்கணக்கான பேர் சொன்னார்கள். பத்தொன்பது வயதில் வீட்டிலும் வேலையிலும் என் பேச்சை யாரும் காதில் வாங்கியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கோல்கீப்பர் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தை வலையருகிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, நடுக்கோட்டை நோக்கி எறிந்தார். எங்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது.

அடுத்த லீக் ஆட்டத்திலும் கத்தினார்கள். நானும் கத்தினேன். அவர் பந்தைச் சரியாகப் பிடித்தபோதுகூடக் கத்தினார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ‘போதும், விடுங்க’ என்று சொல்லவும் வாய் வரவில்லை. மலாய், சீன நண்பர்களுக்கு முழுச்சொல் நாக்கில் புரளாததால் அது ‘ஓட்டே’ என்று சுருங்கியிருந்தது. நானில்லாமலே அது நடந்து போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. கோலில் வேறொரு பையன் நின்றான். சிவலிங்கம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

படத்தில் பதினொரு பேர்

இப்போதும் எங்களில் ஐந்தாறு பேர் சனிக்கிழமை காலையில் தேக்கா பக்கம் ஒரு காப்பிக்கடையில் கூடுவோம். எல்லோரும் எழுபதை ஒட்டியவர்கள். நான் செங்காங்கிலிருந்து வருவேன். ரஹீம் ஆங் மோ கியோவிலிருந்து வருவார். கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது ராஜு. பள்ளி ஆசிரியராக இருந்தவன், இப்போதும் எங்களை வகுப்பறை மாதிரிதான் நடத்துவான்.

எங்களைச் சுற்றி அந்த நேரத்தில் கட்டட வேலைத் தம்பிகள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் கிரிக்கெட் பார்ப்பார்கள். நாங்கள் தே ஓ என்கிற பால் சேர்க்காத தேநீரை ஆறவைத்துக்கொண்டு, என்றைக்கோ முடிந்துபோன ஆட்டங்களில் யார் யாருக்குப் பந்து கொடுத்தார்கள் என்று சண்டை போடுவோம்.

சமீபத்தில் ராஜு ஒரு படத்தைக் கண்டுபிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ரோவர்ஸ் குழு வரிசையாக நிற்கும் படம். சமூக மன்றத்தில் வட்டாரத்தின் பழைய படங்களைச் சுவரில் மாட்டப் போகிறார்கள். இதையும் கேட்டிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே பெயர்கள் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

பத்துப் பெயர்கள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. பின்வரிசையில் நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் நெட்டை மனிதரின் பெயர் மட்டும் வரவில்லை.

பிறகு ரஹீம் எழுதினார். மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதுவார். தமிழில் இப்படி வரும்: “கீப்பர் பேரு ஓட்டே லா. நல்ல கீப்பர். பஸ் ஓட்டினார். மார்சிலிங் மார்க்கெட்டில் அடிக்கடி பார்ப்பேன், என் மகள் வீடு அங்கேதான்.”

நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ராஜு என்னை அழைத்தான்.

“அந்தோணி அண்ணே, ஓட்டேன்னு தமிழ்ல பேரு உண்டா? தெலுங்கா இருக்குமோ? நான் கேலரிக்கு வரும்போது அவரு விளையாடறத விட்டுட்டாரு. உங்களுக்குத் தெரியுமா?”

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். அதற்கு வாய் வரவில்லை.

“சரியா ஞாபகம் இல்ல,” என்றேன். “நான் மார்சிலிங் போய் அவர்கிட்டயே கேட்டு எழுதிட்டு வரேன்.”

“அது எதுக்குண்ணே அவ்வளவு தூரம்? ஓட்டேன்னே போட்டுடலாம்.”

“வேணாம்,” என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “சரிண்ணே, நீங்களே கேட்டுட்டு வாங்க,” என்றான் ராஜு.

ரஹீமின் மகள் மார்க்கெட்டில் விசாரித்து, அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் எண்ணையும் வீட்டு எண்ணையும் வாங்கிக் கொடுத்தாள்.

மார்சிலிங்

வியாழக்கிழமை காலை. சிராங்கூனில் ஒரு முறை, பீஷானில் ஒரு முறை ரயில் மாறினேன். வண்டி வடக்கே போகப் போக ஆட்கள் குறைந்தார்கள். என்ன பேசுவது என்று மனத்துக்குள் எழுதி எழுதி அழித்தேன். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

கதவைத் திறந்தது அவர் மனைவி கமலா. சிறிய உருவம், கூர்மையான கண்கள். “பழைய ரோவர்ஸ் ரசிகர்” என்று சொன்னதும் உள்ளே திரும்பி, “உங்களத் தேடித்தான், ஃபுட்பால் ஆளு” என்றார். குரலில் மகிழ்ச்சி இல்லை.

அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். முதுகு வளைந்திருந்தது. கை அதே கை. விரல் மூட்டுகள் மட்டும் வீங்கிப் பருத்திருந்தன.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்கவும் நியாயமில்லை. படத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு முகத்தின் மீதும் விரல் வைத்து, “இவரு போயிட்டாரு… இவரு ஆஸ்திரேலியா… இவரும் போயிட்டாரு” என்றார். தன் முகத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

“பேரு போடணும்ணே. உங்க முழுப்பேர எப்படி எழுதணும்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

“எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு ஒண்ணு இருக்கே. அதையே போட்டுருங்க,” என்று சிரித்தார். கிண்டலாகச் சொல்லவில்லை. பழகிப்போனவர் சொல்வது போலச் சொன்னார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

“அந்தப் பேர வச்சது நான்தாண்ணே.”

நெத்திலியைக் கிள்ளிய விரல்கள் நின்றன. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது.

“அரையிறுதி அன்னிக்கு முதல்ல கத்துனது நான். கைதட்ட ஆரம்பிச்சதும் நான். உங்ககிட்ட ஃபேரர் பார்க்ல கையெழுத்து வாங்கியிருக்கேன். அப்படி இருந்தும் கத்தினேன்.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “எங்க நின்னீங்க?”

“கோலுக்குப் பின்னால. மூணாவது வரிசை.”

“ஆமா,” என்றார். “அங்கேருந்துதான் வந்துச்சு.”

பிறகு எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார்.

கமலா சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையில் ஈரத்துணி.

“முப்பது வருஷத்துக்கு மேல பஸ்ல வேல பார்த்தாரு, முதல்ல கண்டக்டர், அப்புறம் டிரைவர்,” என்றார். “யாராவது ஏறும்போது அப்படிக் கூப்பிடுவாங்க. இவரு சிரிச்சுக்கிட்டே வண்டிய எடுப்பாரு. வீட்டுக்கு வந்து பசிக்கலம்பாரு. எங்க பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்து, ‘அப்பா, ஓட்டேன்னா என்னப்பா’ன்னு கேட்டா. அவகிட்டயும் சிரிச்சாரு. நீங்க ஒரு நாள் கத்திட்டுப் போயிட்டீங்க. நாங்க அத வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்தினோம்.”

எழுந்து போய்விடுவதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. “மன்னிச்சுக்குங்க” என்று சொன்னேன். அந்தச் சொல் அந்த வீட்டில் எங்கே போய் விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. கமலா துணியைப் பிழிந்து காயப்போடப் போனார்.

“கை நல்லாத்தான் இருந்துச்சு”

பத்து நிமிடம் இருக்கும். அவர் வேறு சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். “வாங்க, கீழ போவோம். காலையில இன்னும் காப்பி குடிக்கல.”

“விடுங்களேன், இப்ப எதுக்கு வெளிய?” என்றார் கமலா.

“வந்துடறேன் கமலா.”

புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை. அவருக்குக் காப்பி, எனக்குத் தே. வெகுநேரம் இரண்டு பேரும் குடிக்கவில்லை.

பல வருடங்களாக என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது. அன்று அவருக்கு விரல் அடிபட்டிருந்ததாம், யாரிடமும் சொல்லாமல் ஆடினாராம் என்று யாரோ சொல்லிக் கேள்வி. அதைச் சொன்னேன்.

“அதெல்லாம் இல்ல,” என்றார். “கை நல்லாத்தான் இருந்துச்சு. பந்து நழுவிடுச்சு. அவ்வளவுதான்.”

பிறகு மெதுவாக, “நழுவுனதுக்காக நான் விடல. கீப்பருக்கு நழுவும். கொஞ்ச நாள் கழிச்சு மேனேஜர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாரு. புதுப் பையனுக்குக் கால்ல அடி, நீ வான்னாரு. பூட்ஸெல்லாம் எடுத்து வச்சுட்டேன். காலையில கிளம்பும்போது அந்தக் கைதட்டுச் சத்தம் காதுல கேட்டுச்சு. போகல. அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல,” என்றார்.

“எத்தனை வயசுண்ணே அப்ப?”

“இருபத்தாறு.”

கோல்கீப்பருக்கு இருபத்தாறு என்பது ஆரம்பம். இன்னும் பத்து வருடம் ஆடியிருக்கலாம். அந்தப் பத்து வருடத்தில் நான் பார்த்திருக்க வேண்டிய சனிக்கிழமைகள் எத்தனை என்று அந்த மேசையில்தான் முதல்முதலாக நினைத்தேன். அவரிடமிருந்து பறித்தது எனக்கும் கிடைக்கவில்லை.

காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“நான் பிடிச்சது ஏதாவது ஞாபகம் இருக்கா?”



இருந்தது. நிறைய இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன்.

ஃபேரர் பார்க்கில் போலீஸ்காரர்கள் குழுவோடு ஆடியபோது, மூன்று பேர் ஒரே நேரத்தில் எம்பிய கார்னர் பந்தை, நடுவில் நின்றபடி ஒற்றைக் கையால் பறித்தது. பறித்த வேகத்திலேயே பாதி மைதானத்துக்கு எறிந்தது.

“ஒத்தக் கை இல்ல. ரெண்டு கை,” என்றார். “எறிஞ்சதுதான் ஒத்தக் கை.”

ஒரு பெனால்டி. அவர் வலது பக்கம் பாய்ந்து, முகத்தில் பாதிக்குச் சேறு அப்பி, எழுந்து நின்றபோது ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

“இடது பக்கம். வலதுல போற மாதிரி போக்குக் காட்டிட்டு இடது. அவன் அப்படியே நம்பிட்டான்லா.” மேசைமேல் இருந்த கை தானாக இடது பக்கம் நகர்ந்தது. காப்பிக் கோப்பையை நான்தான் தள்ளி வைத்தேன்.

துறைமுகக் குழுவோடு ஆடிய ஆட்டத்தில், தனியாக ஓடி வந்தவனின் காலடியிலேயே போய் விழுந்து பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டது. அவன் தடுக்கி விழுந்து, இரண்டு பேரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டது.

“அவன் பேரு லிம். நல்ல பையன். அப்புறமும் என் பஸ்ல ஏறுவான். ஒரு நாள்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல.”

ஏழெட்டுச் சொன்னேன். சிலவற்றுக்குத் தலையாட்டினார். சிலவற்றைத் திருத்தினார். ஒன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை விரித்து, மடக்கி, விரித்தார். “தோல் பந்து, மழையில நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். நெஞ்சுல வந்து அடிக்கும்போது ‘தொப்’புன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க. அந்தச் சத்தத்த அப்புறம் எங்கயும் கேக்கல.”

ரஹீமின் பதில்

அங்கிருந்தே பெயரைக் குழுவுக்கு அனுப்பினேன். கோ. சிவலிங்கம். கூடவே, ஓட்டே என்ற சொல் எங்கிருந்து வந்தது, யார் ஆரம்பித்தது என்பதையும் எழுதினேன். எழுதி முடித்து அனுப்புவதற்குள் தே ஆறிப்போனது.

முதலில் ராஜு, “பேரை மாத்திடறேன் அண்ணே” என்று மட்டும் எழுதினான். பிறகு ரஹீம் எழுதினார்.

ரஹீம் அரையிறுதிக்கு வந்ததில்லை. அதற்கடுத்த ஆட்டங்களுக்குத்தான் வர ஆரம்பித்தார். எதிர்ப்பக்கக் கேலரியில் நிற்பார். அவர் எழுதியது இது: “நீங்கள் எல்லோரும் கைதட்டிக் கூப்பிட்டீர்கள். அது அவருடைய பெயர், அவரை உற்சாகப்படுத்துகிறீர்கள் என்று நினைத்தேன். நானும் கைதட்டினேன். எங்கள் பக்கம் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். இத்தனை வருஷமாக ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தானே கூப்பிட்டேன்!”

படித்துச் சொன்னேன். சிவலிங்கம் அண்ணன் கைப்பேசியை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தார்.

“அந்த மலாய்க்காரரா? மீன் கடைகிட்ட நின்னுக்கிட்டு சலாம் வைப்பாரே?” என்றார். “அவரப் பார்த்தாலே நான் வேற பக்கம் திரும்பிப் போயிடுவேன்.”

சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் எவ்வளவு சிரிப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சமூக மன்றத்துக்கு வந்து படத்தைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். “பார்க்கலாம்” என்றார். வருவதாகவும் இல்லை, வராததாகவும் இல்லை. லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். “கமலா கோவமா இருப்பா. அவ கோவம் நியாயம்தான்,” என்றார். கதவு சாத்திக்கொண்டது.

விட்டுப்போன ஒன்று

திரும்பி வரும் வண்டியில் ஈசூன் தாண்டும்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. எல்லாவற்றிலும் பெரியது. அதை எப்படி மறந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கிண்ணப் போட்டி ஒன்றின் கடைசி நிமிடம். தூரத்துக் கம்பத்தின் மூலைக்கு ஒரு தலைமுட்டு. கோல் என்று எதிரணிக்காரர்கள் கையைத் தூக்கியேவிட்டார்கள். கீப்பர் எங்கிருந்தோ பறந்து வந்து, விரல் நுனியால் பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தள்ளிவிட்டார். கேலரி முழுவதும் எழுந்தது. பக்கத்திலிருந்த சீனத் தாத்தா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆங் மோ கியோவில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று அழைத்தேன்.

“அண்ணே, ஒண்ணு விட்டுப்போச்சு.” ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.



“அது நான் இல்ல தம்பி,” என்றார். “அது எனக்கு அப்புறம் வந்த பையன்.”

இத்தனை வருடமாக அந்தப் பந்தைத் தள்ளியது அவர்தான் என்று நினைத்திருந்தேன். என் மனம் அவரைக் கோலை விட்டு அனுப்பவே இல்லை போலிருக்கிறது.

“நிச்சயமா தெரியுமாண்ணே? உங்க கை மாதிரிதான் எனக்கு…”

“தெரியும். நான் அங்கதான் இருந்தேன்.”

“எங்க?”

“கேலரியில. கோலுக்குப் பின்னால, உங்க பக்கம்தான். மேல் வரிசை. தொப்பி ஒண்ணு போட்டுக்கிட்டு வருவேன். ரெண்டு வருஷம் ஒரு ஆட்டம் விடாம வந்தேன். கமலாவுக்குக்கூடத் தெரியாது.”

ஒரு வண்டி வந்து நின்று, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

“என்னா பாய்ச்சல் தம்பி அது,” என்றார் அவர். “நானும் எழுந்து நின்னு கத்தினேன். ரெண்டு நாளைக்குக் குரலே வரல.”

“என்னன்னு கத்துனீங்க?”

“அவன் பேரச் சொல்லித்தான்.”